இருபத்தேழாம் பக்கத்து மல்லாட்டை

சாக்கு பாதி சன்னலுக்கு வெளியே, பாதி உள்ளே. நடுவில் வசமாக மாட்டிக்கொண்டது. தாண்டவராயன் அதன் அடியில் தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்து, ஒரு தள்ளு தள்ளினார். சாக்கு அசையவில்லை. உள்ளேயிருந்து ஒரு புத்தகம் மட்டும் நழுவி, அவருடைய வழுக்கையில் அட்டை முனையால் ஒரு குத்து குத்திவிட்டுத் தரையில் மல்லாந்தது. 'கொலைகாரனுக்கு ஜலதோஷம்.'

வாசல் பக்கம் பழைய பேப்பர் கடை வேங்கடேசனின் மினி வேன் ஹாரன் அடித்தது. வந்தாயிற்று. இன்னும் ஒரே ஒரு தள்ளு.

"ஐயா, இன்னா பண்றீங்க?"

திரும்பினார். கதவருகே நூலகர் வெனிலா நின்றிருந்தாள். கையில் துப்பாக்கி. பார்கோடு படிக்கிற துப்பாக்கிதான். ஆனாலும் வாழ்நாள் முழுக்க மர்ம நாவல் படித்த உடம்பு அல்லவா, தாண்டவராயன் தன்னையறியாமல் இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டார். தோளின் துணை போனதும் சாக்கு தடாலென்று உள்ளே விழுந்தது.

"எங்க எடுத்துக்கினு போறீங்க அதை?"

"எங்கயும் இல்ல மேடம். காத்தாட வெச்சேன்."

"சாக்கையா?"

"புக்கு புழுங்குதுல்ல."

வெனிலா துப்பாக்கியை இறக்கினாள். "வாசல் வழியாவே போயிருக்கலாமே. இடுப்பு பிடிச்சிக்கினா யாரு பதில் சொல்றது?"

"வாசல்லதான் அந்த மிஷினு நிக்குதே. கத்திக் காட்டிக் குடுத்துடுமே."

"அது டேக் ஒட்டின புக்குக்குத்தான் கத்தும். இந்தச் சாக்குல இருக்கிற ஒண்ணுக்கும் டேக் கிடையாது. நீங்க தலைமேல வெச்சிக்கினு டான்ஸ் ஆடிக்கினே போயிருந்தாலும் கம்முனு இருந்திருக்கும்."

தாண்டவராயனின் முகம் தொங்கிப்போயிற்று. பிடிபட்டதைவிட இதுதான் அதிகம் வலித்தது.

"திருடிக்கினு போனாகூட கத்தாதா? அவ்ளோ கேவலமாவா போயிடுச்சுங்க இதுங்க?"

அருள்மொழி படிப்பக அறக்கட்டளைக்கு விழுப்புரத்தில் தலைமை நூலகம், திண்டிவனத்தில் ஒரு கிளை. இரண்டையும் கம்ப்யூட்டருக்கு மாற்றுவதென்று முடிவாகி, மூன்று மாதமாக வெனிலா கனவிலும் பார்கோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்குத் திறப்பு விழா. ஒவ்வொரு புத்தகத்துக்கும் உள்ளே ஒரு டேக், முதுகில் ஒரு ஸ்டிக்கர். வாசலில் இரண்டு வெள்ளைத் தூண்கள். டேக் ஒட்டிய புத்தகம் இரவல் பதிவு செய்யாமல் அவற்றின் நடுவே போனால் ஊரைக் கூட்டும். சோதனைக்கு நிறுத்திய முதல் நாளே தூண்கள் ஒரு டிபன் கேரியரைப் பார்த்துக் கத்தின. மற்றபடி எல்லாம் திட்டப்படிதான் நடந்துகொண்டிருந்தது.

திட்டத்தில் ஒரு விதி இருந்தது. மூன்று வருடத்தில் ஒரே ஒரு வாசகர் மட்டும் எடுத்த புத்தகத்துக்கு டேக் கிடையாது, அது கழிவு. வேண்டுமானால், அதே புத்தகத்தைப் படித்த இன்னொரு ஆள் 'இது நூலகத்தில் இருக்க வேண்டும்' என்று கையெழுத்துப் போட்டுத் தரலாம். கழிவுக்கு ஒதுங்கியவை ஒரு சாக்கு நிறைய. எல்லாம் மர்ம நாவல்கள். எல்லாவற்றையும் எடுத்த அந்த ஒரே ஒரு வாசகர், இதோ, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

தாண்டவராயனுக்கு அரிசி ஆலையில் இரவுக் காவல். ஆலைக்கும் நூலகத்துக்கும் ஒரு தெருதான் தூரம். சாயங்காலம் ஒரு புத்தகத்தை எடுத்துப் போனால் விடியும்போது முடித்திருப்பார். இரண்டாவது கையெழுத்துக்கு அவர் செய்த முதல் முயற்சி நேற்றே படுதோல்வி. மனைவி கோவிந்தம்மாளைக் கூட்டிவந்து நிறுத்தி, இவளும் எல்லாம் படிச்சவதான் என்று சத்தியம் செய்தார். விதியை எழுதியவரே விழுப்புரத்திலிருந்து போனில் விசாரித்தார். தலைமை நூலகர் இருதயசெல்வி. பேர் கேட்டாலே வெனிலாவுக்கு வாய் உலரும்.

"கதையில யாரும்மா சாகறாங்க?"

"எல்லாருந்தாம்மா" என்றாள் கோவிந்தம்மாள். "எல்லாருஞ் செத்துட்டாங்க. பாவம்."

போன் வைக்கப்பட்டது.

"மேடம்" என்றார் தாண்டவராயன் இப்போது, கையை இறக்கி. "கோவிந்தம்மா படிக்கல. நான் சொன்னது பொய்யி. ஆனா படிச்ச ஆளு இன்னொருத்தரு இருக்காரு. சத்தியமா இருக்காரு. பேருதான் தெரியாது."

தரையில் கிடந்த புத்தகத்தை எடுத்து, எச்சில் தொடாமல், நேராக இருபத்தேழாம் பக்கத்தைத் திறந்து நீட்டினார். பக்கத்தின் அடியில் நூலக முத்திரை. அதை ஒட்டி, பென்சிலில் ஒரு சின்னப் படம். நடுவில் இடுப்பு ஒடுங்கிய, ஒரே கோட்டில் போட்ட ஒரு மல்லாட்டை, தோலோடு இருக்கிற வேர்க்கடலை. அவ்வளவுதான்.

"எல்லா புக்குலயும் இருக்குது. இதே பக்கம், இதே எடம். படிச்சதையே திருப்பி எடுக்காம இருக்க ஆளாளுக்கு ஒரு அடையாளம் போடுவாங்க இல்ல? ஒருத்தரு மீனு போடுவாரு, ஒருத்தரு சூலம் போடுவாரு. இவுரு மல்லாட்டை. நான் வேலைக்கு வந்த புதுசுல தற்செயலா பாத்தேன். அதுலேர்ந்து இந்த மல்லாட்டை இருந்தாதான் எடுப்பேன். இவுரு படிச்ச புக்கு ஒண்ணுகூட என்னை ஏமாத்தினதில்ல மேடம். இவுர மட்டும் புடிச்சுட்டா போதும். கையெழுத்து கெடச்சுடும்."

வெளியே ஹாரன். "மேடம், ஜல்தி! எடை போட்டமா, ஏத்தினமான்னு போய்க்கினே இருக்கணும். மழை வந்தா பேஜாரு, வண்டியில தார்ப்பாய் இல்ல" என்று வேங்கடேசன் கத்தினான்.

வெனிலாவுக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. காலையிலிருந்து நெட் இல்லை. மொத்தப் பட்டியலையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, மாலைக்குள் விழுப்புரம் போய் நேரில் கொடுத்தாக வேண்டும். பட்டியல் பூட்டப்பட்டுவிட்டால், கழிவு கழிவுதான்.

"நானும் வர்றேன்" என்றார் தாண்டவராயன். "அந்தம்மா கால்ல விழறேன்."

"விழுந்தா எழுந்திருக்கச் சொல்லிட்டு ரூல் நம்பரைக் காட்டுவாங்க."

"காட்டட்டும். வர்றேன்."

சாக்கிலிருந்து மூன்று புத்தகங்களை மஞ்சப்பைக்குள் போட்டுக்கொண்டார். வெனிலா வாசலுக்கு வந்து, "நான் போன் பண்ற வரைக்கும் அந்தச் சாக்கைத் தொடாதீங்க" என்று வேங்கடேசனிடம் சொன்னாள். அவன் வானத்தைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். வானம் பரவாயில்லை என்று நினைத்திருப்பான்.

பஸ்ஸில் ஜன்னல் சீட் தாண்டவராயனுக்கு. மடியில் மஞ்சப்பை. ஊர் எல்லை தாண்டுவதற்குள் சந்தேகப் பட்டியலை ஆரம்பித்துவிட்டார். மல்லாட்டை ஒரு ரிட்டையர்டு போலீஸ்காரராக இருக்கலாம். அடையாளம் போடுவதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இல்லை, ஒரு டாக்டர். கோடு அவசரக் கோடு. பெண்ணாக இருக்காது, ரத்தம் ஜாஸ்தி வருகிற கதைகள். வெனிலா ரத்தத்துக்குப் பயப்படாத நாலு பெண்களின் பெயரைச் சொன்னதும், சரி, பெண்ணாகவும் இருக்கலாம் என்று திருத்திக்கொண்டார்.

"இன்னொண்ணு மேடம். எந்த புக்கை எடுத்தாலும் எனக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிருக்காரு. ஒருவாட்டிகூட நான் முந்தினதில்ல."

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. வேகவைத்த மல்லாட்டைக் கூடை ஜன்னலுக்கு ஜன்னல் ஏறி இறங்கியது. தாண்டவராயன் இரண்டு பொட்டலம் வாங்கி, ஒன்றை வெனிலாவிடம் கொடுத்தார். ஒன்றை உரித்தார். உள்ளே ஒன்றுமில்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, பாதி பொக்கு! தோலைத் தின்னச் சொல்றியா?" என்று கத்தினார். கூடைக்காரி அதற்குள் மூன்றாவது பஸ்ஸில் இருந்தாள்.

வெனிலா மஞ்சப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து இருபத்தேழாம் பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். 'மூன்றாவது மாடியில் முதலை.' முத்திரை, அதையொட்டி அதே கோடு. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் ஊர்ந்தபோது, அவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது.

எல்லா நூலகத்துக்கும் ஒரு ரகசியப் பக்கம் உண்டு. யாராவது முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு 'இது என் புத்தகம்' என்று சாதித்தால், உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்தைத் திறந்து முத்திரையைக் காட்டலாம். திண்டிவனம் கிளைக்கு அது இருபத்தேழு. வாசகர்கள் அடையாளம் போடுவது முதல் பக்கத்தில், அல்லது கடைசி அட்டையில். ரகசியப் பக்கத்தைத் தேடிப் போய், முத்திரைக்குப் பக்கத்தில் போடுகிறவர் யார்?

"ஐயா, இந்த மல்லாட்டை வெளியாள் இல்ல. உள்ளாளு."

தாண்டவராயன் மெல்லுவதை நிறுத்தினார். அவர் கண்களில் பத்து நாவல்களின் கடைசி அத்தியாயம் ஒன்றாகப் பளிச்சிட்டது. "ஸ்டாஃபா?"

"ஸ்டாஃப்தான். எனக்கு முன்னாடி சவுரிராயன் சார் இருந்தாரு..."

"அவுரா! அவுரு பேப்பர்ல ராசிபலனைத் தாண்டினதில்லியே. புக்கு ரேக்கு பக்கம் போனா தும்மல் வருதுன்னு சொல்லுவாரு."

"அவருக்கு முன்னாடி..." வெனிலா வாயை மூடிக்கொண்டாள். அவருக்கு முன்னால் திண்டிவனத்தில் பல வருடம் இருந்தது இருதயசெல்வி மேடம். தாண்டவராயன் மில் வேலைக்கு வருவதற்குள் விழுப்புரம் போய்விட்டவர். மேடமாவது, மூன்றாவது மாடி முதலையைப் படிப்பதாவது. அவள் ஒரு மல்லாட்டையை உரித்து, அந்த எண்ணத்தைத் தோலோடு ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.

விழுப்புரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஒடுங்கி உட்கார்ந்து, தலைமை நூலகத்துக்குள் நுழைந்தபோது மாலையாகிவிட்டது. மாடியில், புது கம்ப்யூட்டர்களுக்கு நடுவே இருதயசெல்வி நின்றுகொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, காதில் சொருகிய பென்சில். ஒரு புத்தகத்தை முழுசாகப் படிக்காமல் அதைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது என்பது அவர் கொள்கை. சமையல் புத்தகத்தைக்கூட அட்டையிலிருந்து அட்டை வரை படித்தவர் என்று அலுவலகத்தில் பேச்சு.

"பென் டிரைவ் கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன் மேடம். இவரு..."

"நான்தான் மேடம் தாண்டவராயன். நேத்து போன்ல பேசினது என் சம்சாரம்."

"எல்லாரும் செத்துட்டாங்கன்னு சொன்னவங்களா?"

"அவளேதான். அவ படிக்கல மேடம். ஆனா படிச்சவரு ஒருத்தரு இருக்காரு. நீங்கதான் கண்டுபுடிச்சுக் குடுக்கணும்."

மஞ்சப்பையிலிருந்து மூன்று புத்தகங்களையும் எடுத்து, மூன்றிலும் இருபத்தேழாம் பக்கத்தைத் திறந்து, மேசைமேல் சாட்சிகளைப் போல வரிசையாக வைத்தார். இருதயசெல்வி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முதல் புத்தகம். இரண்டாவது. மூன்றாவதைப் பார்த்துவிட்டு மறுபடி முதலாவதுக்கு வந்தார். குனிந்த தலை நிமிரவில்லை.

"இதை... நீங்க எப்படி..."

"இது இருந்தாதான் மேடம் எடுப்பேன். இல்லாத புக்கைத் தொடமாட்டேன்."

"இது இருக்கிறதை மட்டுமா?"

"மட்டுந்தான். எல்லாத்தையும் படிச்சுட்டேன். சிலதை மூணுவாட்டி."

இருதயசெல்வி தண்ணீர் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். மேடம் புறங்கையால் வாய் துடைத்து வெனிலா பார்த்ததில்லை.

"மேடம், உங்களுக்கு ஆளைத் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெரியும். இதைப் போட்டது நான்தான்."

தாண்டவராயன் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் மறுபடி தோளில் போட்டார். பத்து வருடமாகப் பேச ஆளில்லாமல் தேக்கிவைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து, எதுவுமே வெளியே வர முடியாமல் நெரிசலாகிவிட்டது. கடைசியில் ஒன்று முண்டியடித்து வந்தது.

"அந்த முதலை, மேடம்..."

"பேசாதீங்க!" இருதயசெல்வியின் குரல் மாடி அதிர உயர்ந்தது. "அந்த முதலை! முந்நூறு பக்கம்! படிக்கட்டுல சத்தம் கேக்குது, சத்தம் கேக்குதுன்னு சொல்லிக்கினே போறான். கடைசி வரைக்கும் முதலை வந்துச்சா?"

"வரலையே!" தாண்டவராயன் துள்ளினார். "வரவே இல்லியே மேடம்!"

"அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல."

"எனக்கும் வரல மேடம்! வாட்ச்மேனுக்கு அதுதானே வேணும்!"

"இந்த ஜலதோஷக்காரன் இருக்கானே," இருதயசெல்வி அடுத்த புத்தகத்தை விரலால் தட்டினார், "துப்பறியறவன் பக்கத்துலயே நின்னு தும்மறான். ஆரம்பத்துலேர்ந்து தும்மறான். பக்கத்துக்குப் பக்கம் தும்மறான். கொலை நடந்த எடத்துல தும்மல் சத்தம் கேட்டுச்சுன்னு சாட்சி சொல்லுது. அந்த ஆளுக்குத் தெரியவே இல்ல!"

"தெரியும் மேடம். தெரிஞ்சும் விட்டுப் புடிக்கிறாரு."

இருதயசெல்வி நின்றார். "விட்டுப் பிடிக்கிறாரா?"

"நடுவுல கைக்குட்டையை எடுத்து அவன்கிட்ட நீட்டுறாரு பாருங்க. சும்மாவா நீட்டுவாரு? உன்னைத் தெரியும்டான்னு சொல்றாரு. அந்த எடத்துல எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடும்."

எழுதியவருக்கே தோன்றாத அர்த்தம் அது என்று வெனிலாவுக்குப் பட்டது. இருதயசெல்வி புத்தகத்தைப் புரட்டி, நடுப்பக்கத்தில் எதையோ தேடிப் படித்தார். "ஹ்ம்" என்றார்.

தாண்டவராயனின் குரல் இறங்கியது. "ராத்திரி மில்லுல நெல்லு மூட்டை, எலி, நானு. வேற ஒரு ஜீவன் இல்ல மேடம். சத்தம் கேட்டா பயந்தான். புக்கைத் தொறந்து இந்த மல்லாட்டையைப் பாத்துக்குவேன். நமக்கு முன்னாடி ஒருத்தரு இந்தக் கதைக்குள்ள போயிட்டு பத்திரமா வெளிய வந்திருக்காரு, நாமளும் வந்துடலாம்னு இருக்கும். ஒண்டியா இருக்கிற மாதிரியே இருக்காது. அதை எடைக்குப் போடாதீங்க."

கீழே எங்கோ புதுத் தூண்கள் எதையோ பார்த்துக் கத்தி ஓய்ந்தன. இருதயசெல்வி நாற்காலியில் உட்கார்ந்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார், வைத்தார், மேசையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இந்த புத்தகம் எல்லாத்தையும் நான் முழுசா படிச்சிருக்கேன், வெனிலா. ஒரு வரி விடாம. அதுல பொய் இல்ல. இரண்டாவது வாசகர்னு என் பேரைப் போடு."

"மேடம், நீங்க ஸ்டாஃப்..."

"ஸ்டாஃப் படிக்கக் கூடாதுன்னு ரூல்ல இருக்கா? ரூல் எழுதினவ நான். இல்ல."

கையெழுத்துப் போட்டார். தாண்டவராயன் கொஞ்சம் தயங்கி, கல்யாணப் பெண்ணின் அப்பாவைப் போல நெளிந்து, "அதையும் பக்கத்துல போட்டுடுங்க மேடம். என் கண்ணால ஒருவாட்டி பாத்துக்கறேன்" என்றார்.

இருதயசெல்வி வரைந்தார். ஒரே கோடு. இடுப்பு ஒடுங்கி மறுபடி அகன்று வந்து சேர்ந்தது. பேனாவை எடுக்கப் போனவர், எடுக்கவில்லை. ஒரு கணம் தாண்டவராயனின் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே, மேலே ஒன்று, கீழே ஒன்று, அழுத்தமாக இரண்டு புள்ளி வைத்தார்.

"அட! இதுல பருப்பெல்லாம் தெரியுது மேடம்!"

"அப்ப அவசரத்துல போட்டது. இப்பதான் நிதானமா போடறேன்."

தாண்டவராயன் இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார். மேடத்துக்கு டீ வாங்கிவராமல் இந்த ஊரைவிட்டுப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, புத்தகங்களை அள்ளி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, அறுபது வயதுக்கு ஆகாத வேகத்தில் படியிறங்கினார்.

வெனிலா வேங்கடேசனுக்குப் போன் செய்தாள். சாக்கை எடுத்து உள்ளே வையுங்கள் என்றதும், அவன் சொன்ன சொற்கள் மேடம் காதில் விழாமல் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

இருதயசெல்வி சன்னலருகே நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்த்த டீக்கடையில் தாண்டவராயன் டீயை மறந்துவிட்டு, ஒரு புத்தகத்தை விரித்து, டீ ஆற்றுகிறவரிடம் எதையோ காட்டிக்கொண்டிருந்தார். டீ ஆற்றுகிறவர் ஒரு கையில் குவளையைத் தூக்கிப் பிடித்தபடி, பயபக்தியோடு குனிந்து பார்த்தார்.

"திண்டிவனம் போனதும் மொதல் வேலையா, டேக் ஒட்டறதுக்கு முன்னாடி, அந்தச் சாக்கைப் பிரி" என்றார் இருதயசெல்வி, திரும்பாமல். "ஒவ்வொரு புக்குலயும் இருபத்தேழாம் பக்கத்தை எடு. படத்துக்குள்ள பென்சில்ல ரெண்டு ரெண்டு புள்ளி வை. ஒண்ணுகூட விடக் கூடாது. அவர் கையில இருக்கிற மூணையும் எப்படியாவது வாங்கி வெச்சிடு."

"சரி மேடம். ஆனா, எதுக்கு? அவருக்குப் படம் இப்படியே புடிச்சிருக்கே."

இருதயசெல்வி கதவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். படியில் யாருமில்லை. அப்படியும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"திண்டிவனத்துல நான் இருந்த கடைசி வருஷம், எதையெல்லாம் கழிச்சுக் கட்டணும்னு முழுசா படிச்சுப் பாத்துப் பிரிச்சேன். கழிக்கிறதுக்குள்ள இங்க மாத்திட்டாங்க. படிச்சு நொந்துபோன ஒவ்வொரு புக்குலயும் போட்ட அடையாளம்மா அது. உள்ள பருப்பு வரைஞ்சிருந்தேனா பாரு. அது மல்லாட்டை இல்ல, பொக்கு."